மதிய இடைவேளையில் கல்யாணம்

ஜூன் 28

என் சுண்டெலிக்கு,

இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் கடைக்காரி உன் கையில் கொடுத்திருப்பாள். பயப்படாதே. பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் நானும் திறப்பதற்கு இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். இனி நம் தபால் நிலையம் அவள் கடைதான். அம்மாவின் போனுக்கு எதையும் அனுப்ப முடியாது. ராத்திரியானால் அது அப்பாவின் சட்டைப்பையில்தான் தூங்குகிறது என்று நீயே சொன்னாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் லிப்ட்காரரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்.

உட்கார்ந்து படி. அவருக்கு வெளிநாட்டில் லிப்ட் மாட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கிளம்ப வேண்டும். அதற்குள் பதிவு செய்துவிட்டால் நானும் கூடவே போகலாம். மூன்று வருஷம். இங்கே நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "உன்னை மாதிரி லென்ஸ் தேய்க்க இன்னொருத்தி எங்கம்மா கிடைப்பா?" என்று அரை நாள் புலம்பிவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போடத் தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

லிப்ட்காரரின் ஊரில் நோட்டீஸ் எதுவும் ஒட்டுவதில்லை, மூன்றே நாளில் முடிந்துவிடுமாம். ஆனால் அங்கே வர உனக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயில். உன்னை யார் விடுவார்கள்? அதனால் நம் ஊர்ப் பதிவு அலுவலகத்திலேயே மனுக் கொடுத்துவிட்டேன். "ஆறு மாசத்துக்கு முன்னாடி என்னால உன்னைத் துரத்தின ஊர்லயேவா?" என்று அவர் கேட்டார். ஆமாம், அங்கேதான். உன் பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்த அலுவலகத்துக்கு நான்கு நிமிஷம். உன் மதிய இடைவேளை பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஒன்று இருபது வரை. எனக்கும் அதே பள்ளிக்கூடம்தானே, மறக்குமா? ஆகஸ்ட் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உலகத்திலேயே தங்கையின் மணியடிக்கிற நேரம் பார்த்து முகூர்த்தம் குறித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு சங்கடம். எங்கள் இருவர் பெயரும் விலாசமும் எழுதி முப்பது நாள் அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். யாராவது பார்த்து ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் விசாரணை, இழுத்தடிப்பு, எல்லாம் போச்சு. அப்பா வியாழக்கிழமைதோறும் தான் செய்த பல்செட்டுகளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போவார். நடக்கும்போது பெட்டியைத் தவிர எதையும் பார்க்க மாட்டார் என்பதுதான் என் தைரியம். பள்ளி விட்டதும் தினமும் ஒரு தடவை அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் போவாயா? யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்.

இதைக் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா

---

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

கிழிக்கவில்லை. ஆறு தடவை படித்தேன். அப்புறம் கிழித்துவிடுவேன்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். அப்பாவின் பட்டறை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மட்டும்தான் கதவு கிறீச்சிடாது. அலமாரியில் பதினேழு பேருடைய வாய் இருக்கிறது. பிளாஸ்டர் தாடைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. "நம்ம வீட்டுல ஆளைவிடப் பல்லுதான் ஜாஸ்தி" என்று நீ சொல்வாயே, அதை நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. டார்ச்சைத் துணியால் சுற்றி வைத்திருக்கிறேன்.

நேற்றே ஒட்டிவிட்டார்கள். பலகைக்குக் கம்பிவலைக் கதவு இருக்கிறது, பூட்டு இல்லை. உன் காகிதம் இரண்டாவது வரிசையில் இடப்பக்கம், நான்கு மூலையிலும் குண்டூசி. உன் முழுப்பெயரை டைப் எழுத்தில் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. கீழே நம் வீட்டு விலாசம். ஊரில் எல்லோருக்கும் நம் வீடு தெரியுமே. பலகைக்கு மேலே ஒரு தகரத்தில், நோட்டீஸைச் சேதப்படுத்தினால் சட்டப்படி நடவடிக்கை என்று சிவப்பில் எழுதியிருக்கிறது.

அக்கா, நான் கல்யாணத்தில் என்ன செய்ய வேண்டும்? சாட்சியாகக் கையெழுத்துப் போட வயது போதாது என்று ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னார். மணப்பெண் தோழி, அது இது எல்லாம் உண்டா? எங்கள் வகுப்பில் ஒருத்தி அவள் அக்கா கல்யாணத்துக்கு மூன்று விதமாகத் தலை பின்னிக்கொண்டாளாம். நான் சும்மா ஓரமாக நின்றாலும் சரிதான். ஆனால் நிற்கிற இடத்தை முன்னாலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் முழிப்பேன்.

அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். உன்னை வெளியே போகச் சொன்ன அன்றைக்கு அவர் சத்தமே போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

சுண்டெலி

---

ஜூலை 8

சுண்டெலி,

தோழியும் கிடையாது, தோழனும் கிடையாது. மூன்றாவது சாட்சிக்கு அங்கே மனு எழுதிக் கொடுப்பவர் இருக்கிறார், எங்கள் பக்கம் மொத்தமே இரண்டு பேர்: கண்ணாடிக் கடை முதலாளி, லிப்ட்காரரோடு வேலை பார்க்கும் ஒரு ஒயர்மேன். முதலாளிக்குக் காது கேட்காது, ஒயர்மேன் பேச மாட்டார். நல்ல ஜோடி.

ஆனால் உனக்கு ஓரமாக நிற்கிற வேலை இல்லை. மனுக் கொடுக்கப் போனபோது அங்கே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அந்த அலுவலருக்கு ஒரு பழக்கம். சட்டத்தில் இல்லை, அவர் வழக்கம். கையெழுத்துக்கு முன்னால் தலையை நிமிர்த்தி, "பொண்ணு வீட்டுக்காரங்க யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். உடனே பின்னால் இருந்து ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். என் பக்கம் கேட்டால் யார் கையைத் தூக்குவார்கள்?

நீதான். என் வலப்பக்கம் நிற்க வேண்டும். அவர் கேட்டதும் கையைத் தூக்கி, கேட்கிற மாதிரி, "நான் வந்திருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, சித்தி, மாமா எல்லாம் சேர்த்து நீ ஒருத்திதான் பெண் வீட்டார். மூன்று விதமாகத் தலை பின்னினால் இந்தப் பதவி கிடைக்குமா?

இன்னொன்று. நீ துணி மாற்றிக்கொண்டு வரவெல்லாம் நேரம் இருக்காது. சீருடையிலேயே வா. நான் உன் சீருடையின் அதே நீலத்தில் துணி எடுத்திருக்கிறேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். "கல்யாணத்துக்கா இந்தக் கலர்?" என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் பழைய தலை ரிப்பன் ஒன்று என் பெட்டியில் வந்துவிட்டது, அதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். யாராவது பார்த்தால் நாம் திட்டம் போட்டு ஒரே நிறத்தில் வந்ததாக நினைக்கட்டும். நினைப்பது உண்மைதானே.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா

---

ஜூலை 11

அன்புள்ள அக்கா,

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "நான் வந்திருக்கேன்" என்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் தடவை எலி கத்துகிற மாதிரியேதான் வந்தது. இப்போது பரவாயில்லை. அம்மா வெளியே இருந்து, "யாருடி வந்திருக்காங்க?" என்று கேட்டாள். "தண்ணி வந்திருக்கும்மா" என்றேன்.

பலகை சரியாக இருக்கிறது. யாரும் எதுவும் எழுதவில்லை. நான் போகும்போதெல்லாம் பியூன் பார்க்கிறார். நேற்று, "என்னம்மா, யாரைத் தேடுற?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லி, தாகமே இல்லாமல் இரண்டு டம்ளர் குடித்தேன்.

வியாழக்கிழமை அப்பா கிளினிக்குக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்தார். முகம் சரியில்லை. அவர் கையிலிருந்த பிளாஸ்டர் மேல்தாடை கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அப்பா கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா, "டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்றாள். அவர் நேராகப் பட்டறைக்குள் போய்விட்டார். அப்புறம் அம்மாவும் உள்ளே போனாள், வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது அம்மா அழுதிருந்தாள். டாக்டர் ஏதோ வேலையைத் திருப்பி அனுப்பியிருப்பார் போல.

அப்போதிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் எங்கேயோ நடக்கப் போகிறார். கையில் பெட்டி இல்லாமல். அதுதான் எனக்குப் பயம். பெட்டி இல்லாவிட்டால் அவர் நாலு பக்கமும் பார்ப்பாரே.

சுண்டெலி

---

ஜூலை 17

அன்புள்ள அக்கா,

நேற்று உயிரே போய்விட்டது. ஆனால் இப்போது எல்லாம் சரி.

நான் பலகைக்கு முன்னால் நிற்கிறேன். தெருமுனையில் அப்பா. கையில் பெட்டி இருந்தது, ஆனால் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. நேராக அலுவலகத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். அப்புறம் எப்படியோ மாடிப்படிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டேன். அவர் உள்ளே வந்து பலகைக்கு எதிரே நின்றார். நான் நூற்று நாற்பது வரை எண்ணினேன். அவ்வளவு நேரம் நின்றார். கம்பிவலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அவர் உன் பெயரைப் பார்க்கவில்லை, அக்கா. சத்தியமாகப் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் மாட்டார். அவர் மட்டுமில்லை, யாருமே பார்க்க மாட்டார்கள். எப்படி என்று மட்டும் கேட்காதே.

வீட்டுக்கு வந்தபோது அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நிஜமாக! உன் அறையில் ஆறு மாதமாக எரியாத விளக்குக்குப் புது பல்பு மாட்டினார். சன்னல் கொக்கியைச் சரிசெய்தார். "எதுக்குப்பா?" என்றேன். "ரூம்னா வெளிச்சம் வேணாமா?" என்றார். என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பார், அவருக்கு எதுவுமே தெரியாது.

இன்றைக்கு ஒரு வேலையாகப் பலகைப் பக்கம் போனேன். கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று பியூன் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

சுண்டெலி

---

ஜூலை 22

வீரச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன். ஹாஸ்டல் அறைத்தோழி என்ன என்று கேட்டாள். "என் தங்கச்சிக்கு மீசை முளைச்சிருக்கு" என்றேன். சரி, எப்படி என்று கேட்கவில்லை. பக்கத்துக் காகிதத்தைக் கொஞ்சம் நகர்த்தி என் பெயரை மறைத்தாயா? வேண்டாம், சொல்லாதே. நேரில் சொல். பூட்டுப் போட்டது நல்லதுதான். இனி யாரும் அதைத் தொட முடியாது.

அப்பா பல்பு மாட்டினார் என்ற வரியை மட்டும் நான்கு தடவை படித்தேன். மாட்டட்டும். யாராவது விருந்தாளி வருவார்களாக இருக்கும்.

இன்னும் பதிமூன்று நாள். நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்து, பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் இருப்போம். முடிந்ததும் உடனே திரும்பிவிடுவோம். உன்னோடு எனக்குக் கிடைப்பது முப்பத்தைந்து நிமிஷம். அதில் பத்து நிமிஷம் கையெழுத்து. மிச்சம் இருபத்தைந்தில் நீ பேசு, நான் கேட்கிறேன். அழக்கூடாது. அழுதுகொண்டே வகுப்புக்குப் போனால் டீச்சர் கேட்பார்.

லிப்ட்காரர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "அந்தச் சின்னப் பொண்ணுதான் எனக்கு மொத்த மாமியார் வீடு, மரியாதை குறைஞ்சா கோவிச்சுக்குமோ?" என்று ஒரே கவலை.

அக்கா

---

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

சும்மா ஒன்று கேட்கிறேன். அந்தக் காகிதம் பலகையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? யாரும் பார்க்காமல் இருந்தால் நல்லதுதானே? நீதானே அப்படி எழுதினாய்? சும்மாதான் கேட்கிறேன். உடனே பதில் போடு. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் பியூன் முன்னால் போய் நிற்கிறேன், வாய் வரவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்க்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.

சனிக்கிழமை ஆகிவிட்டது. இது எப்போது உனக்குக் கிடைக்கும்?

சுண்டெலி

---

ஆகஸ்ட் 4

சுண்டெலி,

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். கல்யாணம் நடக்கவில்லை.

அலுவலர் பியூனைக் கூப்பிட்டுப் பலகையிலிருந்து எங்கள் நோட்டீஸை எடுத்து வரச் சொன்னார். முப்பது நாள் ஒட்டியிருந்தது என்று அதன் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே எதுவும் நடக்கும். பியூன் வெறும் கையோடு வந்தார். குண்டூசிகள்கூட இல்லை. என்றைக்குப் போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. "இன்னைக்குத் திரும்ப ஒட்டறேம்மா, முப்பது நாள் கழிச்சு வாங்க" என்றார் அலுவலர். நல்ல மனுஷர்தான். லிப்ட்காரர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார், கெஞ்சினார். முதலாளிக்கு எதுவும் காதில் விழவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கே போடணும், எங்கே போடணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நீ வரவில்லை. மணியடிக்கும் சத்தம் அங்கே வரை கேட்டது, முதல் மணியும் கேட்டது, இரண்டாவது மணியும் கேட்டது. அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை. உன்னால் வர முடியாமல் போயிருக்கும். உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இது அப்பா வேலை. நூற்று நாற்பது எண்ணுகிற வரை நின்றார் என்று எழுதினாயே. வேறொரு நாள் வந்து காரியத்தை முடித்துவிட்டார். ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன். திருடிவிட்டுப் போய்ப் பாட்டு முணுமுணுத்திருக்கிறார். வெளியே போ என்று சொன்னதை என்றைக்காவது மறந்திருப்பேன். இதை மறக்க மாட்டேன்.

நாளை ராத்திரி ரயிலில் இவர் ஊருக்குப் போகிறோம். அங்கே விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா

---

ஆகஸ்ட் 5

அக்கா,

அப்பா எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை அப்பா தெருமுனையில் வந்தபோது என் கை தானாகக் கதவைத் திறந்துவிட்டது. நான்கு குண்டூசியையும் பிடுங்கி, காகிதத்தைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஓடினேன். ஒரு ஊசி விரலில் குத்தியது, அதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா நின்று பார்த்தது வெறும் இடத்தை. மறுநாள் திரும்பக் குத்தி வைக்கத்தான் போனேன். பூட்டியிருந்தது. பியூனிடம் சொன்னால் போலீசில் கொடுப்பார், போலீஸ் அப்பாவைக் கூப்பிடும் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் போனதும், இல்லாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. பார்க்க எதுவும் இல்லாவிட்டால் யாரால் தடுக்க முடியும்? நான் உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன், அக்கா. கடைசி வாரம்தான் பயம் வந்தது.

நான் வந்தேன். பன்னிரண்டு நாற்பத்து நான்குக்கு அலுவலகச் சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தேன். நீ நீலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என் சீருடையே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. லிப்ட்காரர் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பேசுவது கேட்டது. பியூன் வெறும் கையை விரித்துக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே வந்து, "நான்தான் எடுத்தேன், இதோ இருக்கு" என்று புத்தகத்தைத் திறந்து காட்டியிருந்தால் அலுவலர் மனம் மாறியிருப்பாரா? புத்தகம் என் பையில்தான் இருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நடுவில் பதினைந்து அடிகூட இருக்காது. நீ வாசலைப் பார்த்தாய். நான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது மணி அடித்ததும் ஓடிவிட்டேன்.

அப்பாவைத் திட்டாதே. என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சுண்டெலி

---

ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

உன் சனிக்கிழமைக் கடிதம் புதன்கிழமைதான் என் கைக்கு வந்தது. கோபம் வராது என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தேன். வருகிறது. மறைக்கத் தெரியவில்லை.

காகிதத்தை எடுத்ததற்காக இல்லை. நீ பதினான்கு வயதுக் குழந்தை, அது பலகையில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். அந்தத் தப்பு என்னுடையது. நீ சுவருக்குப் பின்னால் இருந்தாய் என்பதுதான் என்னை அறுக்கிறது. கல்யாணம் நடக்காவிட்டாலும் உன்னைப் பார்த்திருப்பேன். அரை மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தானே மூன்று நாளில் முடிகிற இடத்தை விட்டு முப்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இனி மூன்று வருஷத்துக்கு அது கிடையாது.

இவர் தம்பி செவ்வாய்க்கிழமையே மனுக் கொடுத்து வைத்ததால் நேற்றே இங்கே முடிந்தது. மின்விசிறி ஓடாத ஒரு அறை. இவருடைய அம்மா, இரண்டு தம்பிகள், ஒரு பெரியப்பா, எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். அந்த ஊர் அலுவலர் தலை நிமிரவே இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நீலத்தைத்தான் உடுத்தினேன், வேறு புதுசு இல்லை. இவருடைய அம்மா, "இது என்னம்மா நிறம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாளைக்குக் கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்ததும் விலாசம் ஜெராக்ஸ் கடைக்கு வரும். அதுவரை எழுத வேண்டாம். எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

அக்கா

---

செப்டம்பர் 6

அன்புள்ள அக்கா,

விலாசம் வந்தது. வெறும் விலாசம் மட்டும்தான் இருந்தது. உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். பரவாயில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு ராத்திரி யோசித்தேன். உனக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று நானே முடிவு செய்யக்கூடாது. ஒரு தடவை அப்படி முடிவு செய்ததுதான் இவ்வளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். மெழுகில் பல் பதித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "அக்காவுக்கு ஒரு லெட்டர் போடு" என்றார். "எனக்குத் தெரியும்டா, நீ இங்க உக்காந்து எழுதறது. டார்ச் வெளிச்சம் கதவுக்கடியில வராதா? எழுதிட்டுப் போகட்டும்னுதான் விட்டேன்" என்றார்.

பிறகு, "வீட்டுக்கு வரச் சொல்லு. நான் எதுவும் கேக்க மாட்டேன்னு சொல்லு. அப்பா ரூமெல்லாம் சரிபண்ணி வச்சிருக்காருன்னு எழுது" என்றார்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஜூலை ஒன்பதாம் தேதியே அப்பா உன் நோட்டீஸைப் பார்த்துவிட்டார். தாடை உடைந்த அன்றைக்கு. அம்மாவிடம் மட்டும் சொல்லி, "சின்னவளுக்குத் தெரிய வேணாம், பயந்துக்கும்" என்றாராம். அப்புறம் தினமும் சாயங்காலம் அவர் நடக்கப் போனது அந்தப் பலகைக்குத்தான். அடுத்த வியாழக்கிழமை காகிதம் இல்லை. "எடுத்துட்டா. வேணாம்னு எடுத்துட்டா. என் பொண்ணு என்னை விட்டுக் கொடுக்கலை" என்று வீட்டுக்கு வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து நீ வருவாய் வருவாய் என்று காத்திருக்கிறார். பல்பு, சன்னல் கொக்கி, எல்லாம் அதற்குத்தான். நான் மட்டும் அவருக்கு எதுவும் தெரியாது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லிவிட்டேன், அக்கா. நின்றுகொண்டேதான் சொன்னேன். காகிதத்தை எடுத்தது, ஒளிந்தது, நீ வந்தது, காத்திருந்தது, அங்கே கல்யாணம் நடந்தது, கடல் தாண்டிப் போனது, எல்லாம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கையிலிருந்த மெழுகு முழுக்க உருகி, பல் எல்லாம் சரிந்துபோயிருந்தது. மெழுகை உருக்குகிற ஸ்பிரிட் விளக்கை அணைக்க மறந்திருந்தார்.

அதை அணைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு வச்சிருந்தா?" என்று கேட்டார்.

"பன்னெண்டே முக்காலுக்குப்பா. என் லஞ்ச் பிரேக்ல."

"உனக்காகவா?"

"ஆமாம்பா."

நான் கேட்கவே கூடாது என்று நினைத்தேன், ஆனால் கேட்டுவிட்டேன்.

"நீங்க தடுக்கறதுக்குத்தானேப்பா தினமும் அங்க போனீங்க?"

"ஆட்சேபம்னு ஒரு நாள் எழுதி எடுத்துக்கிட்டுப் போவேன். அங்க போய் அவ பேரைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடுவேன். மறுநாள் திரும்ப எழுதுவேன். ஒரு நாள் அந்த ஆபீசர்கிட்ட, கல்யாணத்துக்குப் பெத்தவங்க வரலாமான்னுகூடக் கேட்டுட்டு வந்தேன்."

"கடைசியில என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

அப்பா சரிந்த பற்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தெரியலையேம்மா. முப்பது நாள்ல எனக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. இன்று வரை பேசவில்லை. என்னோடு மட்டுமில்லை, யாரோடும். சாப்பிடுகிறார், வேலை செய்கிறார், உன் அறை விளக்கை ராத்திரியில் அவரே போய் அணைக்கிறார்.

அக்கா, நீ என்னை மன்னிக்காவிட்டாலும் சரி, எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவர் வந்திருப்பாரா? அந்தச் செவ்வாய்க்கிழமை உன் வலப்பக்கம் நான், இடப்பக்கம் அப்பா என்று நின்றிருப்போமா? இல்லை, வாசலில் மறித்திருப்பாரா? அம்மாவைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியவில்லை. உனக்கு அவரை என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் அதிகமாகத் தெரியுமே. நீ சொல்.

உன் தங்கை